வேனிலேயே தங்கிப் பயணம், காலை 6 மணிக்குப் பாட்டு வகுப்பு: இணையத்துக்கு என்ன வழி?

ஹொரமாவு_ராகம்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூரு ஹொரமாவில் இருக்கிறோம். என் கணவர் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக் கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறார். ஆர்டிஓ வேலையும் முடிந்துவிட்டது. பொங்கலுக்கு அப்புறம் கிளம்புகிறோம். மைசூரு, குண்டுலுபேட்டை, ஊட்டி, கோவை, வால்பாறை, மதுரை, கடைசியில் ராமேஸ்வரம். அவசரமில்லாமல் போகிற திட்டம். இரவு வேனிலேயே தூக்கம்.

எனக்கு இருக்கும் ஒரே கவலை இணையம். நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறேன். மாணவர்கள் நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள். வார நாட்களில் இங்கே காலை 6 முதல் 8 வரை வகுப்பு. ஜனவரியில் நியூஜெர்சியில் அப்போது மாலை ஏழரை. இந்த வகுப்பை நிறுத்திவிட்டு ஊர் சுற்ற எனக்கு மனமில்லை. வர்ணம் வரைக்கும் வந்துவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு மாதம் விட்டால் கை தாளமே மறந்துவிடும்.

பாட்டு வகுப்பில் லைன் விட்டு விட்டு வந்தால் அது வகுப்பே இல்லை. ஒரு குழந்தை ஜண்டை வரிசை பாடும்போது நடுவில் இரண்டு ஸ்வரம் காணாமல் போனால், தப்பு குழந்தையுடையதா லைனுடையதா என்று எனக்குத் தெரியாது. திருத்தவும் முடியாது, பாராட்டவும் முடியாது.

ஒத்திகைக்காக ஒரு சனிக்கிழமை சக்லேஷ்பூர் பக்கம் போய், வேனுக்குள்ளிருந்து போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு கூடுதல் வகுப்பு எடுத்தேன். போனில் சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தன. குழந்தைகள் பாடியது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் நான் பாடியது அவர்களுக்கு உடைந்து உடைந்துதான் போயிருக்கிறது. முழு சிக்னல் இருந்தும் ஏன் இப்படி?

கேட்க விரும்புவது: போன் ஹாட்ஸ்பாட் போதுமா, சிம் போடும் ரவுட்டர் வாங்க வேண்டுமா? எந்த சிம்? ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் என்று விற்கிறார்களே, அது உதவுமா? கணவரின் நண்பர் அமெரிக்காவிலிருந்து வருகிறார், ஸ்டார்லிங்க் டிஷ் ஒன்று கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

மல்லேஸ்வரம்_டீசல்

மேடம், முதலில் டேட்டா கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஹெச்டி வீடியோவோடு ஜூம் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி போகும். உங்கள் இரண்டு மணி நேர வகுப்புக்கே 2 ஜிபி பிளான் தீர்ந்துவிடும், மிச்ச நாள் முழுக்க 64 கேபிபிஎஸ்தான். கணவர் மேப் பார்க்கவும் இருக்காது. வகுப்புக்கு ஒரு சிம், மற்ற எல்லாவற்றுக்கும் வேறு சிம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேங்க் ஓடிபி வருகிற நம்பரை எந்தக் காரணத்துக்காகவும் ரவுட்டருக்குள் போடாதீர்கள்.

வீட்டில் ஏர்ஃபைபர் (வயர் இல்லாமல் டவரிலிருந்து வரும் வீட்டு இணையம்) இருந்தால் அந்தப் பெட்டியையே வேனில் மாட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பதிவு செய்த முகவரிக்கான இணைப்பு. வண்டிக்கு ஆகாது.

மின்சாரம் பற்றி ஒன்று. 12 வோல்ட் ரவுட்டர்தானே என்று வண்டி பேட்டரியில் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும், ஸ்டார்ட் அடிக்கிற நொடியில் 10க்கும் கீழே இறங்கும். அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழும். இடையில் ஒரு டிசி-டிசி கன்வர்ட்டர் வைத்து நிலையான 12 வோல்ட் கொடுங்கள். ஏற்றவும் இறக்கவும் செய்கிற வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். 10 வாட் ரவுட்டர் நாள் முழுக்க ஓடினால் 20 ஆம்பியர்-அவர் இழுக்கும். அதனால் இன்ஜின் பேட்டரியில் வேண்டாம், வீட்டுச் சாமான்களுக்கு வைத்திருக்கும் இரண்டாவது பேட்டரியில் கொடுங்கள்.

டிரைவ்டெஸ்ட்_ஹலசூர்

அம்மா, உங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. அவர்கள் பாடியது உங்களுக்குக் கேட்டது, உங்கள் குரல்தான் போகவில்லை. சிக்கல் டவுன்லோடில் இல்லை, அப்லோடில். வேனுக்கு இணையம் தேடுகிறவர்கள் எல்லோரும் டவுன்லோடு வேகத்தையே பார்க்கிறார்கள். சொல்லிக் கொடுக்கிறவருக்கு அந்த எண் தேவையே இல்லை.

நான் டிரைவ் டெஸ்ட் வேலையில் இருந்தவன். காரில் லேப்டாப்பும் நாலைந்து போனும் வைத்துக்கொண்டு, கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ரோடு ரோடாகப் போய் டவர் சிக்னலை அளப்பதுதான் தொழில். நடமாடும் வண்டிக்குள் இணையம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் இத்தனை வருஷமும் பார்த்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன் காட்டும் கோடுகள், டவர் பேசுவது உங்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பது அதில் தெரியாது. டவர் பல பத்து வாட் சக்தியில் அனுப்புகிறது. உங்கள் போன் அதிகபட்சம் 0.2 வாட். தூரம் கூடினாலோ நடுவில் தகரம் வந்தாலோ முதலில் சாவது அப்லோடுதான்.

இன்னொன்று, எந்த பேண்டில், அதாவது எந்த அலைவரிசைத் தொகுப்பில், இருந்தீர்கள் என்பது. 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 4ஜியில் போவதற்கும் வருவதற்கும் ஒரே அலைவரிசை. ஒற்றைப் பாலத்தில் ஒரு பக்க வண்டிகளை நிறைய நேரமும் மறுபக்கத்தைக் கொஞ்ச நேரமும் விடுவதுபோல் நேரத்தைப் பங்கு போடுகிறார்கள். பெரும்பங்கு டவுன்லோடுக்கு. வீடியோ பார்க்கிறவர்களுக்கு அது வசதி, பாட்டு டீச்சருக்கு இல்லை. 3300 மெகாஹெர்ட்ஸ் 5ஜியும் இதே மாதிரிதான். 850, 900, 1800, 2100 பேண்டுகளில் போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனி அலைவரிசை. அங்கே டவுன்லோடு குறைவாகத் தெரிந்தாலும் அப்லோடு நிலையாக இருக்கும். சனிக்கிழமை சக்லேஷ்பூர் என்றால் பெங்களூரே அங்கேதான் இருந்திருக்கும். கூட்டம், தகர உடம்பு, போன் பிடித்த பேண்ட், மூன்றும் சேர்ந்திருக்கலாம்.

ஹாட்ஸ்பாட்டா ரவுட்டரா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ரவுட்டர் வாங்குங்கள். பெரும்பாலான போன்களில் பேண்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, நல்ல ரவுட்டரில் முடியும். வெளி ஆன்டெனா மாட்டவும் போனில் வழி இல்லை. வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். பேண்ட் லாக் (நாம் சொல்லும் பேண்டிலேயே நிற்கவைக்கும் வசதி) உண்டா, ஆன்டெனாவைக் கழற்றி எஸ்எம்ஏ கனெக்டரில் (திருகி மாட்டும் சின்ன இணைப்பு) வேறு மாட்டலாமா, இரண்டு சிம் போடலாமா. முதல் இரண்டும் கட்டாயம். 5ஜி ரவுட்டர்தான் வேண்டும் என்றில்லை. நீங்கள் போகிற மலைகளில் உங்களுக்குச் சோறு போடப்போவது 4ஜிதான்.

இனி ஆன்டெனா. டெம்போ டிராவலர் உடம்பு முழுக்க இரும்புத் தகடு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அளந்தால் ஒரு எண் வரும், இறங்கி வெளியே அளந்தால் 10 டிபி கூடுதலாக வருவது சாதாரணம். 10 டிபி என்றால் பத்து மடங்கு. இந்தப் பத்து மடங்கு அப்லோடுக்கும் உண்டு. ஆகவே கூரைக்கு மேல் ஒரு ஆன்டெனா. 4ஜி இரண்டு வழியாக ஒரே நேரத்தில் பேசும், அதனால் உள்ளே இரண்டு ஆன்டெனா, இரண்டு வயர் உள்ளதாக வாங்க வேண்டும். ஒற்றை வயர் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம்.

வயரில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஆர்ஜி-58 என்ற ஆன்டெனா வயர் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். 2300 மெகாஹெர்ட்ஸில் அது மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிபி தின்னும். பத்து மீட்டர் இழுத்தால், கூரையில் சம்பாதித்த பத்து மடங்கும் வயரிலேயே போய்விடும். எல்எம்ஆர்-200 என்ற வயரைக் கேளுங்கள், அதில் இழப்பு கிட்டத்தட்ட பாதி. அதைவிட முக்கியம், ரவுட்டரைக் கூரைக்கு ஒட்டியே உள்ளே மாட்டி, வயரை ஒன்றரை இரண்டு மீட்டருக்குள் முடித்துவிடுவது. அப்புறம் ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வைஃபை வேண்டாம், ஈத்தர்நெட் வயர் போடுங்கள். பாட்டுக்கு அது நிச்சயம் வித்தியாசம் காட்டும்.

ஓரிடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவதாக இருந்தால், திசை பார்த்துத் திருப்பும் ஆன்டெனா ஒன்றும் கூடவே வைத்துக்கொள்ளலாம். கம்பத்தில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அரை நிமிஷம் நிறுத்தி ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி -100 டிபிஎம்முக்கு மேல் இருந்தால் வேலை நடக்கும், -115க்கும் கீழே போனால் கஷ்டம். அதைவிட, இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவு என்று காட்டும் எஸ்ஐஎன்ஆர் என்ற எண்ணை நம்புங்கள். 10க்கு மேல் நல்லது, 0க்குக் கீழே போனால் சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் பயன் இல்லை.

எந்த சிம் என்றால், இரண்டு வேறு வேறு நிறுவனம். ஒரே நிறுவனத்தில் இரண்டு எடுத்தால் டவர் செத்தால் இரண்டும் சாகும். ஜியோ 4ஜிக்கு 850, 1800, 2300. ஏர்டெல்லுக்கு 900, 1800, 2100, 2300. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700, 2100. அலைவரிசை எண் குறையக் குறைய மரம், மேடு தாண்டித் தூரம் போகும். வகுப்புக்கு முதல் இரண்டில் ஒன்று, மாற்றாக மற்றொன்று. காட்டோரத்துக்கு ஒரு பிஎஸ்என்எல் சிம்மும் பையில் இருக்கட்டும். அரசு நிதியில் போட்ட கிராமப்புற டவர்களில் ஒரு நிறுவனத்தின் சிம் மற்றதன் டவரையும் பிடிக்கும்படி 2025 ஜனவரியில் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனால் எல்லா டவரும் அதில் அடங்காது.

பூஸ்டர் பற்றி. தயவுசெய்து வேண்டாம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே இந்தியாவில் சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், அது என்ன செய்கிறது என்று நேரில் பார்த்தவன் சொல்கிறேன். மலிவுப் பூஸ்டர் தன் சத்தத்தையே திரும்பப் பிடித்து ஊளையிட ஆரம்பிக்கும். அந்த டவரின் கீழ் இருக்கும் எல்லோருடைய அப்லோடும் படுத்துவிடும். ஒரு முழுத் தெருவும் போன் பேச முடியாமல் திண்டாடியதற்கு ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்னப் பெட்டி காரணமாக இருந்ததைத் தேடிப் பிடித்திருக்கிறோம். அந்தத் தெருவில் 108க்கு அடிக்க வேண்டியவரும் இருந்திருப்பார். கூரை ஆன்டெனா அப்படி இல்லை. அது எதையும் பெருக்குவதில்லை, ரவுட்டரின் காதையும் வாயையும் தகரத்துக்கு வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான்.

ஸ்டார்லிங்க் டிஷ்ஷும் வேண்டாம். 2025 ஜூனில் மத்திய அரசு அந்த நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது உண்மை. அது நிறுவனம் இங்கே சேவை நடத்துவதற்கான உரிமம். அமெரிக்கக் கணக்கில் இருக்கும் டிஷ்ஷைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து இங்கே இயக்க அது அனுமதி ஆகாது. நல்ல மனதோடு உதவ வரும் நண்பரை ஏர்போர்ட்டில் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

கடைசியாக ஜூம். அதில் இசைக்காரர்களுக்கென்றே ஒரிஜினல் சவுண்ட் என்ற வசதி இருக்கிறது. அதை உயர்தர இசைக்கு மாற்றினாலும் மோனோவுக்கு 96 கேபிபிஎஸ், ஸ்டீரியோவுக்கு 192 கேபிபிஎஸ்தான். அதாவது உங்கள் பாட்டுக்கு 0.2 எம்பிபிஎஸ்கூட வேண்டாம். இடத்தை அடைப்பதெல்லாம் வீடியோ. ஹெச்டி வீடியோவை அணைத்துவிடுங்கள். லைன் இளைத்தால் வீடியோவை முழுவதும் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் காப்பாற்றுங்கள். தாளம் போடுவது தெரிய வேண்டும் என்பீர்கள், சரிதான். அது வரிசை முடிந்து பேசும்போது தெரிந்தால் போதும்.

உங்களுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. காலை 6 மணிக்கு டவரில் ஆளே இருக்காது. இதே வகுப்பை இரவு 8 மணிக்கு ஊட்டியில் எடுப்பதாக இருந்தால் இவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

லடாக்_வரைக்கும்

இந்தத் தடவைக்குத் தேவையில்லை, ஆனால் வேன் வாங்கியவர்கள் என்றாவது ஒரு நாள் வடக்கே போவார்கள் என்பதால் எழுதுகிறேன். ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் மட்டும்தான். ரவுட்டரில் போடப்போகும் இரண்டில் ஒன்றையாவது இப்போதே போஸ்ட்பெய்டாக எடுத்துவிட்டால் அப்போது அலைய வேண்டாம்.

எஸ்டேட்_பேரன்

அக்கா, வால்பாறையில் என் அத்தை வீடு இருக்கிறது. இப்போது நான் கே.ஆர்.புரத்தில். டவுனில் 4ஜி கிடைக்கும். எஸ்டேட்டுகளுக்குள் ஒரு வளைவில் இருப்பது அடுத்த வளைவில் இருக்காது. பள்ளத்தில் ஓடைப் பக்கம் அழகாக இருக்கிறதே என்று வேனை நிறுத்தாதீர்கள், மேட்டில் நிறுத்துங்கள். ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, முந்தின நாள் பகலிலேயே ஏறிவிடுங்கள். மழையில் கரண்ட் போனால் டவர் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அவ்வளவுதான் சிக்னல். ஜனவரியில் அந்தத் தொல்லை குறைவு.

ஹொரமாவு_ராகம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டிரைவ்டெஸ்ட் அண்ணா, நீங்கள் எழுதியதைக் கணவர் இரண்டு தடவை படித்தார். பூஸ்டர், டிஷ் இரண்டையும் விட்டுவிட்டோம். நண்பருக்கும் சொல்லியாயிற்று.

இரண்டு சந்தேகம். கூரையில் ஓட்டை போட்டால் மழை ஒழுகுமே என்று அவர் தயங்குகிறார். காந்தம் ஒட்டும் ஆன்டெனா போதுமா? இன்னொன்று, ஊட்டிக்கு முந்தின இரவு மசினகுடியில் தங்கலாமா, குண்டுலுபேட்டையிலா? தனுஷ்கோடியில் கடலோரம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்றும் ஆசை இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஒரு பூபாளம் பாடிக் காட்ட வேண்டும்.

டிரைவ்டெஸ்ட்_ஹலசூர்

குண்டுலுபேட்டையிலேயே தங்குங்கள். பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஊர் சமதளம், திறந்த வெளி. பெட்ரோல் பங்கிலோ லாட்ஜ் வளாகத்திலோ கேட்டுக்கொண்டு நிறுத்தி, எட்டு மணிக்கு வகுப்பை முடித்து, டிபன் சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் போகலாம். காட்டுக்குள் வண்டியை நிறுத்தவே கூடாது, அங்கே வகுப்பு என்ற பேச்சே இல்லை. இந்த வண்டிக்குக் கூடலூர் வழிதான் நல்லது, மசினகுடியிலிருந்து செங்குத்தாக ஏறும் கல்லட்டி ரோடு வேண்டாம். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் உண்டு, அதை நல்ல இணையம் இருக்கும் இடத்திலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள். விடியற்காலை 6 மணி வகுப்பை ராமேஸ்வரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். பகலில் அரிச்சல்முனை போகும்போது ஒரு எச்சரிக்கை. அங்கே போன்கள் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வது உண்டு. போனிலும் ரவுட்டரிலும் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்கில் விடாமல் நம்முடையதைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். போஸ்ட்பெய்டாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். பூபாளத்தைப் பதிவு செய்துகொண்டு வந்து அடுத்த வகுப்பில் போட்டுக் காட்டுங்கள்.

காந்தம் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குப் போதும், ஓடும்போது மரக்கிளை தட்டினால் போய்விடும். தினமும் நிறுத்திய பிறகு வைத்து, கிளம்பும்போது எடுப்பதென்றால் ஓட்டையே வேண்டாம். பின்கதவின் ரப்பர் ஓரமாக வயரை உள்ளே கொண்டுவரலாம். நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நசுங்கிய வயர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே சிக்னல் போகாது. நிரந்தரமாக வேண்டும் என்றால் ஓட்டையைக் கூரையில் போடாமல் பக்கவாட்டில், மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே போட்டு, கேபிள் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்து ஓட்டையை மூடும் துண்டு) வைத்து சீலண்ட் அடிக்கலாம். வெளியே வயரை ஓட்டைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் ஹொரமாவு வீட்டு வாசலிலேயே, வேனுக்குள் உட்கார்ந்து, நிஜ வகுப்பை எடுத்துப் பாருங்கள். ஜூம் செட்டிங்கில் ஸ்டாடிஸ்டிக்ஸ் பக்கத்தில் ஆடியோவுக்குக் கீழே பாக்கெட் லாஸ் (வழியில் தொலைந்துபோன டேட்டா), ஜிட்டர் (டேட்டா வந்து சேரும் நேரத்தில் வரும் ஏற்ற இறக்கம்) என்று இருக்கும். நீங்கள் அனுப்புவதற்கான கட்டத்தில் லாஸ் 1 சதவீதத்துக்குள் நின்றால் பாட்டு உடையாது. ஒவ்வொரு பேண்டாக லாக் செய்து அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பயணத்தில் புது ஊரில் நிறுத்தும்போதும் முந்தின மாலையே இதைப் பார்த்துவிட்டு, சரியாக வந்தால் மட்டும் அடுப்பை மூட்டுங்கள். மாலையில் சுமாராக இருந்தால் காலையில் நன்றாக இருக்கும், மாலையில் சுத்தமாக இல்லை என்றால் வெளிச்சம் இருக்கும்போதே அடுத்த மேட்டுக்கு நகர்ந்துவிடுங்கள்.

என்னிடம் எல்எம்ஆர்-200 வயர் மிச்சம் இருக்கிறது, கனெக்டர் அமுக்கும் கருவியும் இருக்கிறது. ரவுட்டர் மாட்டும் இடத்திலிருந்து ஆன்டெனா வரை எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு வயரும் ஒரே நீளத்தில் வெட்டி எஸ்எம்ஏ போட்டு வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஹலசூர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.